பேசியவரின் மண்டை

கேள்வி: அடிமை முறைச் சிக்கலை 1861 உள்நாட்டுப் போருக்கு முன்பே அமெரிக்கர்கள் பேசித் தீர்த்திருக்கக் கூடாதா?

பதில்: பேசினார்களே! பேசியவரின் மண்டைதான் உடைந்தது. கான்சாஸில் அடிமை முறையைத் திணிப்பதை எதிர்த்து, 1856 மே மாதம் செனட்டர் சார்ல்ஸ் சம்னர் இரண்டு நாள் முழங்கினார். மே 22 அன்று, செனட் மண்டபத்துக்குள்ளேயே, தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடி முறியும்வரை அவரை விளாசினார். தரையோடு திருகாணியால் இறுக்கிய மேசைக்கடியில் கால் சிக்கிய சம்னர், ரத்தம் கண்ணை மறைக்க, மேசையையே பெயர்த்துக்கொண்டு எழுந்தார். அடிமை முறையை ஆதரித்த தெற்கு மாநிலங்களிலிருந்து புரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன. அடியைவிட அந்தப் பரிசுகள்தான் என்னைப் பதற வைக்கின்றன. சம்னரின் மாநிலமான மாசசூசெட்ஸோ அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. அவர் தேறி வரும்வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், அவரது செனட் இருக்கை பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.