32 காலேஜு வாத்தியாரு

ஏங் கண்ணு, எம்.இ. முடிச்சுப்போட்டு இன்னமும் திருப்பூரு பனியன் கம்பெனில பீஸ் எண்ணிக்கிட்டிருக்கறயே, உனக்குப் பொழைக்கத் தெரியல. வாத்தியார் வேலை காலியில்லீங்கறாங்களா? எப்படிக் காலியிருக்கும்? ஒருத்தரே 32 நாற்காலில குந்தியிருந்தா!

அப்பாரு கதை வுடறேன்னு நெனைக்காத. 2024 சூலைல ஊழலை எதுக்கற அறப்போர் இயக்கத்துக்காரங்க, அண்ணா யுனிவர்சிட்டிக்குக் கீழ இருக்கற இன்சினியரிங் காலேஜுங்களோட வாத்தியார் பட்டியலைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. 353 பேரு ஒண்ணுக்கு மேற்பட்ட காலேஜுல முழுநேர வேலையாம். மொத்தம் 224 காலேஜு. அப்பறம் அந்த யுனிவர்சிட்டிக்கு அப்பத் துணைவேந்தரா இருந்த வேல்ராஜே கணக்குச் சொன்னாரு: 189 பேரு, கிட்டத்தட்ட 2,000 எடம். அதுல ஒருத்தரு பேரு 32 காலேஜுல.

திருமூர்த்தி டேம் தண்ணியே நாலு பாசன மண்டலத்துக்கும் ஒண்ணாப் பாயாது கண்ணு. முறை வெச்சுத்தான் வுடுவாங்க. நம்ம மடைக்கு வாரதுக்குள்ள தென்னமட்டை தொங்கிப்போகும். இவரு முறையுமில்லாம மடையுமில்லாம 32 காட்டுக்கும் பாஞ்சிருக்காரு!

நான் மில்லு டைம் ஆபீஸ்ல இருந்தவன். ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் பஞ்ச் பண்ணுனா அரை மணி நேரத்துல தெரிஞ்சுரும். ஸ்பின்னிங் மெசின் சைடு பாக்க ஆளில்லீன்னா இழை அறுந்து தொங்கும், பஞ்சு பறக்கும், மேஸ்திரி கத்துவான். ஆனா கிளாசுல அறுந்த இழை ரிசல்ட்டு வார வரைக்கும் யாரு கண்ணுக்கும் தெரியறதில்ல.

இதுக்கு நேரெதிரா ஒரு கூத்துக் கேளு. அமெரிக்காவுல ஜார்ஜியா டெக்குனு ஒரு காலேஜு. 1927ல ஒரு பையனுக்குத் தவறிப்போயி ரெண்டு அப்ளிகேசன் வந்துருச்சு. ஒண்ணுல தம்பேரு, இன்னொண்ணுல ஜார்ஜ் பி. பர்டெல்னு இல்லாத ஒருத்தன் பேரு. அவனுக்கும் சேத்துப் பரீட்சை எழுதி, 1930ல டிகிரியே வாங்கிக் குடுத்துட்டான். 1969ல கிளாசுக்குப் பேரு பதியற வேலை கம்ப்யூட்டருக்கு மாறுனப்ப, பசங்க பர்டெல்லை எல்லாக் கிளாசுலயும் சேத்துவுட்டாங்களாம். ஆளே இல்லாதவன் அங்க பரீட்சை எழுதியிருக்கான். இங்க ஆளு இருந்தும் கிளாசுப் பக்கம் நெழலு வுழுகல.

அதனால பயோடேட்டாவை 32 காப்பி எடு. ஆதார் நம்பரை மாத்திக் குடு, அப்படித்தான் பண்ணியிருக்காங்க. பொறந்த தேதியை மாத்த மறந்துராத; அவங்க குட்டு ஒடைஞ்சதே அதுலதான். இன்ஸ்பெக்சன் அன்னிக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டுப் போ. பையர் ஆடிட் வந்தா உங்க கம்பெனில அன்னிக்கு மட்டும் மூஞ்சிக்கு மாஸ்க்கு மாட்டறாங்களே, அதாட்டத்தான்.

சிரிச்சது போதும். தங்கச்சிக்குக் கவுன்சலிங்கு வருது. காலேஜு பாக்கப் போனா கட்டடத்தையும் பஸ்ஸையும் பாத்துட்டு வந்துராதீங்க. பட்டியல்ல இருக்கற நாலு வாத்தியாரு பேரை எழுதிக்கிட்டுப் போயி, கேண்டீன்ல டீ குடிக்கற பசங்ககிட்டக் கேளுங்க. “அது யாருங்ணா?”ன்னு திருப்பிக் கேட்டாங்கன்னா, அடுத்த பஸ்ஸைப் புடிச்சு உடுமலைக்கு வந்து சேருங்க.