காய்ச்சல் இறங்கும், கணக்கு ஏறும்

கேள்வி: மருத்துவமனைச் செவிலியரின் பணிநேரம் பெரும்பாலும் நோயாளியின் அருகில்தானே கழிகிறது?

பதில்: அமெரிக்காவின் 36 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான நேர-இயக்க ஆய்வு, அதாவது பணியாளர் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார், எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதை அளக்கும் ஆய்வு, வேறு கணக்குச் சொன்னது. செவிலியப் பணிக்கான நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பதிவெழுதுவதற்கே போனது. மருந்து கொடுக்க ஏறத்தாழ 17 விழுக்காடு. நோயாளியின் நிலையைக் கணிக்க 7 விழுக்காடு. காய்ச்சல் இறங்கினால் மட்டும் போதாது, இறங்கிய செய்தி ஏட்டிலும் திரையிலும் ஏறவேண்டும். அடுத்த பணிமுறைக்கு வருபவர் அதை நம்பித்தான் மருந்து கொடுப்பார் என்பதால் பதிவெழுதுவதை வீண் வேலை என்று தள்ளவும் இயலாது. பகல்நேரப் பணிமுறையில் செவிலியர்கள் 1 முதல் 5 மைல் வரை நடந்ததும் அளக்கப்பட்டது. ஆகவே, அழைப்புமணிக்குத் தாமதமாக வரும் செவிலியர் ஓய்வெடுத்துவிட்டு வருவதாக எண்ணவேண்டாம்.