கழற்றினது கழற்றியாச்சு

மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கும் எங்கள் தெருவில் ஏப்ரல் பிறந்ததைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய உப்பை மழை ஒருவழியாகக் கழுவி முடித்த மறுநாள் காலை, மூன்றாவது வீட்டு கராஜ் கதவு மேலே போகும். உள்ளே, நவம்பரிலிருந்து போர்வைக்குள் தூங்கிய 1968 மாடல் ஷெவ்ரோலே கமாரோ. அதன் பானட்டுக்குள் தலையை விட்டபடி, அறுபதைத் தாண்டிய ஒருவர். நான் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் ஒரு மாதம் அவருடைய பின்பக்கத்துக்குத்தான் குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தேன். பதிலும் அங்கிருந்துதான் வந்தது.

இவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். அறுபதுகளில் அமெரிக்கக் கம்பெனிகள் நடுத்தர சைஸ் காருக்குள் பெரிய வி-8 என்ஜினைத் திணித்து வாலிபர்களுக்கு விற்றன. 1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓதான் அந்தப் பைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். அந்த மஸல் கார்கள் பறந்ததைச் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வாய்பிளந்து பார்த்த பொடியன்கள், இப்போது பென்ஷன் பணத்தில் அவற்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். இவர்களில் ஒரு சாரார் 'ஒரிஜினல்' ஆசாமிகள். தொழிற்சாலையில் போட்ட போல்ட்டில் துரு இருந்தால் அந்தத் துருவையும் ஒரிஜினலாக வைத்திருப்பார்கள். அவர்களோடு பேசுவது கல்வெட்டு படிப்பது மாதிரி. நான் சொல்ல வந்தது மற்றவரைப் பற்றி. இவரால் எதையும் கழற்றாமல் இருக்க முடியாது.

போன வருஷக் கதை ஒரு சொட்டு எண்ணெயில் ஆரம்பித்தது. காருக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறை. "வால்வ் கவர் கேஸ்கெட் போயிடுச்சு" என்றார். நம்மூர் மெக்கானிக் பாஷையில் டேப்பட் கவர் பேக்கிங். ரொம்பச் சின்ன வேலை. அந்தக் கால ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் என்ஜினில் கவருக்கு நாலே நாலு போல்ட். இருபது டாலர் பேக்கிங்கை வைத்து மூடிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிடலாம்.

இவர் கவரைக் கழற்றினார். உள்ளே ராக்கர் தெரிந்தது. அதன் கீழே ஸ்பிரிங், அதற்குள் வால்வ், எல்லாவற்றின் மேலும் ஐம்பது வருஷத்துக் கரி. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அதில் துக்கம் ஒரு துளியும் இல்லை. பிறகு தன் குலமந்திரத்தைச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், என் காதில் தமிழாக விழுந்தது: "கழற்றினது கழற்றியாச்சு, அப்படியே சிலிண்டர் ஹெட்டையும் பார்த்துடலாம்."

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, கடைசியில் சம்சாரியாகிப் போன சந்நியாசியின் கதை நமக்குத் தெரியும். அந்தச் சந்நியாசிக்காவது கடைசியில் ஒரு வருத்தம் இருந்திருக்கும். இவர் எலியைக் கண்டதுமே பசுவுக்கு விலை விசாரிக்கிற ஜாதி.

ஆனால் வீட்டில் அனுமதி வாங்க வேண்டுமே. அவர் மனைவி ரிட்டயரான பள்ளி ஆசிரியை. காரணம் எழுதாத லீவ் லெட்டரை வாழ்நாளில் ஏற்றுக்கொண்டதில்லை. அதனால் இவர் காரணத்தோடுதான் போனார். அந்தக் கால பெட்ரோலில் ஈயம் கலந்திருப்பார்கள். வால்வ் வந்து மோதும் இருக்கையில் அந்த ஈயம் மெத்தை மாதிரி படிந்து தேய்மானத்தைத் தடுக்கும். 1996இலிருந்து சாலையில் ஓடும் வண்டிக்கு ஈய பெட்ரோல் விற்கவே கூடாதென்று சட்டம். பழைய இரும்பு ஹெட்டில் இருக்கை கடினப்படுத்தாதது, ஆகவே தேயும். புதிய அலுமினிய ஹெட்டில் கடின வளையம் பதித்தே வருகிறது. இத்தனையும் உண்மை. அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்.

"வருஷத்துக்கு எத்தனை மைல் ஓட்டுறீங்க?"

"முந்நூறு."

"அந்த இருக்கை தேய எத்தனை வருஷம் ஆகும்?"

இவர் மௌனமாக கராஜுக்குத் திரும்பி வந்தார். அடுத்த வியாழக்கிழமை இரண்டு கனமான பெட்டிகள் எங்கள் வீட்டு வாசலில் இறங்கின. விலாசம் எங்களுடையது, பெயர் அவருடையது. பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என் மனைவி உள்ளே வந்தாள். "என்னங்க, இங்கதான் பைப்புல கேஸ் வருதே, சிலிண்டர் எதுக்கு?"

இருட்டியதும் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து, கள்ளச்சாராயம் கடத்துகிற பக்குவத்தோடு இருவரும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பெட்டியைப் பிரித்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரும்பு ஹெட் ஒவ்வொன்றும் சுமார் இருபது கிலோ, அலுமினியம் அதில் பாதி. "ரெண்டையும் சேர்த்தா வண்டியின் முன்பக்கம் இருபது கிலோ குறையும்" என்று தட்டிக் காட்டினார். அந்த இருபது கிலோவை அவர் தொலைத்துவிடவில்லை, பெல்ட்டுக்கு மேலே பத்திரமாக வைத்திருக்கிறார் என்பதை நான் சொல்லவில்லை. அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், காற்றுப் பாதை அகலம், குதிரைச் சக்தி கூடும் என்று அடுக்கினார். இந்தக் குதிரைக் கணக்கே ஒரு தமாஷ். 1971 வரை விளம்பரங்களில் போட்டது கிராஸ் கணக்கு. காற்று வடிகட்டி, சைலென்ஸர் எதுவும் மாட்டாமல் வெறும் என்ஜினை ஓட்டி அளந்தது. 1972 மாடலிலிருந்து எல்லாவற்றையும் மாட்டிய நெட் கணக்கு. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன சம்பளத்துக்கும் கல்யாணத்துக்குப் பிறகு கைக்கு வந்த சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். நம்மவர் இன்றும் பழைய சம்பளத்தையே சொல்வார்.

வேலை தொடங்கியது. பழைய இரும்பு ஹெட்டுகளின் முனையில் ஒட்டகத் திமில் போல இரட்டை மேடு வார்த்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் தொட்டுக் கும்பிடாத குறை. அவற்றைக் கழற்றித் துடைத்து, கம்பளியில் சுற்றி கராஜ் மூலையில் வைத்தார். விற்க மாட்டார், மாட்டவும் மாட்டார். வீட்டுக்கு வீடு ஒரு தாத்தா அப்படி இருக்கிறார்.

பிறகு ஒருநாள் அவருடைய பேரன் வந்து அழுதான். களிமண்ணில் செய்து வைத்திருந்த பச்சை டைனோசரைக் காணவில்லையாம். அது முதலாவது சிலிண்டரில், பிஸ்டன் மேல் தட்டையாக அப்பப்பட்டிருந்தது. ஹெட்டைச் சும்மா பொருத்தி என்ஜினைக் கையால் சுற்றினால், வால்வ் அந்தக் களிமண்ணில் பதியும். மிஞ்சிய கனத்தை வெட்டி அளந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். இது ஊர் அறிந்த மெக்கானிக் உத்தி. பேரனுக்கு அது தெரியாது. டைனோசர் இரண்டாம் முறையாக அழிந்துபோனது.

ஹெட்டை முறுக்குகிற நாள் அந்த வீட்டில் கிரகண காலம். ஹெட்டுக்குப் பதினேழு போல்ட், ஆக மொத்தம் முப்பத்துநான்கு. ஸ்மால் பிளாக்கில் இந்த போல்ட்டுகள் என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைக்குள்ளேயே இறங்குவதால் ஒவ்வொன்றின் மரையிலும் பசை தடவ வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்சால் மூன்று சுற்றாக ஏற்றிக்கொண்டே போய் அறுபத்தைந்தில் நிறுத்த வேண்டும். யாரும் பேசக்கூடாது, போன் அடிக்கக்கூடாது. எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. அது முடிந்து டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணும்போது புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே, மறுகையால் நட்டை இறக்குவார். கண் மூடியிருக்கும். ராடில் எங்கே லேசாகப் பிடிமானம் தட்டுகிறதோ அங்கே நிறுத்தி, அதற்கு மேல் அரைச் சுற்று. நாடி பார்க்கிற சித்த வைத்தியர் தோற்றார். உண்மையைச் சொன்னால், அந்த அரைமணி நேரம் எனக்கு அவர்மேல் கேலியே தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து கவரை மூடப் போனால், மூடவில்லை. கழற்றினது கழற்றியாச்சு என்று ராக்கரையும் உருளை வைத்த பெரிய ராக்கராக மாற்றியிருந்தார். அது பழைய கவரில் இடித்தது. உயரமான கவர் வாங்கினார். அது டிரைவர் பக்கம் பிரேக் பூஸ்டரில் முட்டியது. பளபளவென்று ஒரு ஜோடி தள்ளுபடியில் கிடைத்தது. வந்த பிறகு பார்த்தால், அது எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த, நடுவில் போல்ட் போடும் சாதி. இவர் ஹெட்டில் துளை ஓரத்தில். "என்னைக்காவது உதவும்" என்று அலமாரியில் ஏற்றினார். அந்த அலமாரிக்கே 'என்னைக்காவது' என்றுதான் பெயர். நாலாவது ஜோடி, வரிவரியாக வார்த்த அலுமினியம், உட்கார்ந்தது.

இத்தனை பாடும் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமைக்காக. அன்றைக்குத்தான் உட்வர்ட் அவென்யூவில், ஃபெர்ன்டேலிலிருந்து போன்டியாக் வரை பழைய கார்களின் தேர்த் திருவிழா. 1995இல் தொடங்கியது. ஓடுகிற கார் ஓடும். நிற்கிற கார் பானட்டைத் திறந்து வைத்திருக்கும், பக்கத்தில் மடக்கு நாற்காலியில் சொந்தக்காரர். கொலு மாதிரிதான். கொலுவில் பொம்மை தெரியும், துணிக்கு அடியில் படியாக நிற்கும் டிரங்குப் பெட்டி தெரியாது. அன்றைக்கு வந்தவர்களும் வரி வரியான கவரைப் பார்த்து "அழகு!" என்றார்கள், அதில் முகம் பார்த்துத் தலை கோதினார்கள், போட்டோ எடுத்தார்கள். கீழே ஆயிரக்கணக்கான டாலர் அலுமினியம் மௌனமாக உட்கார்ந்திருந்தது. ஒருவர் மட்டும் குனிந்து ஹெட்டின் முனையைப் பார்த்தார். இவர் மலர்ந்து எழுந்தார்.

"திமில் இல்லையே," என்றார் வந்தவர், ஒரிஜினல் ஆசாமி. சாவு வீட்டில் கை பிடிப்பது போல இவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. அட்டையில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறை. அதே இடம்.

துக்கம் விசாரிக்கும் முகத்தோடு போனேன். காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தவர் முகத்தில் பௌர்ணமி. "வால்வ் கவர் இல்லை," என்றார். "இன்டேக் மேனிஃபோல்டின் பின் விளிம்பு. அங்கே கசிஞ்சு பின்னாடி வழிஞ்சு இறங்கும். பார்க்கிறவனுக்குக் கவர் கசியுற மாதிரியே இருக்கும்."

"அப்போ ஏப்ரல்ல வந்தது?"

"அதுவும் அதுதான்." கொஞ்சமும் கூச்சம் இல்லை. துணியில் கையைத் துடைத்தபடி என்ஜினைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஏப்ரல்ல இன்டேக்கைக் கழற்றினப்பவே கேம் ஷாஃப்ட்டையும் பார்த்திருக்கணும். அவசரப்பட்டு மூடிட்டேன்."

சமையலறை ஜன்னலில் திரை இழுபடும் சத்தம் கேட்டது.

அடுத்த வியாழக்கிழமை எங்கள் வாசலில் ஒரு பெட்டி இறங்கியது. இந்த முறை ஒல்லியாக, நீளமாக.