தேர்வுக் குழுத் தலைவர்

உடம்பு இளைக்க எதைச் செய்வது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நடையா, ஓட்டமா, சைக்கிளா, கயிறு தாண்டுவதா என்று பரிசீலனை நடந்துகொண்டேயிருக்கிறது. பரிசீலிக்கிற இடம், திருத்தணி மலைப்படிக்கட்டின் அடிவாரத்தில் ஒரு டீக்கடை. எதிரே, வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள். கட்டணம் கிடையாது, மாதச் சந்தா கிடையாது. மேலே போனால் முருகன் வேறு இருக்கிறார்.

"படி ஏறினா மூட்டு தேஞ்சிடும் தம்பி" என்பார். நீச்சல் நல்லதுதானாம், ஆனால் சரவணப் பொய்கையில் இறங்கி நீச்சல் அடித்தால் ஊர் என்ன சொல்லும்? ஓடினால் நாய் துரத்தும். சைக்கிள் வாங்கினார், சீட்டு ஒத்துவரவில்லை. கயிறு தாண்டினார், கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த நாடி.

அவருக்கு 52 வயது. 220-இல் 52 போனால் 168. அதில் அறுபதிலிருந்து எழுபது சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 101 முதல் 118 துடிப்பு வரைதான் கொழுப்பு கரையுமாம். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'மண்டலம்'. நடந்துகொண்டே இருப்பார், சட்டென்று நின்றுவிடுவார். மணிக்கட்டில் இரண்டு விரல், பார்வை வானத்தில், உதடு மட்டும் அசையும். பின்னால் வருகிறவர் முட்டிக்கொள்வார். கையில் கட்டிய வாட்ச் ஒரு கணக்குச் சொல்லும், விரல் ஒரு கணக்குச் சொல்லும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பார். வகுத்து முடிப்பதற்குள் நாடி இறங்கிப் பழைய நிலைக்கு வந்திருக்கும். "பாத்தியா, மண்டலத்துக்குள்ள வரவேயில்லை. இந்த நடை வேஸ்ட்." ஒருநாள் சூடான பஜ்ஜித் தட்டு மேஜைக்கு வந்த நேரத்தில் நாடி 101-ஐத் தொட்டுவிட்டது. அன்றைக்கு அவர் முகத்தில் தெரிந்த பிரகாசத்தை மறக்க முடியாது.

மெதுவாக நடந்தால் எரிகிறதில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது வாஸ்தவம். வேகமாக நடந்தால் எரிகிற மொத்தமே அதிகம் என்பதும் வாஸ்தவம். நம்மவர் முதல் வாக்கியத்தோடு புத்தகத்தை மூடிவிட்டவர். ஒரு கிலோ கொழுப்பென்றால் சுமார் 7,700 கலோரி. அரைமணி வேக நடையில் நூற்றைம்பது போனாலே பெரிய விஷயம். அடிவாரத்தில் இரண்டு மெதுவடை தின்றால் அது வட்டியோடு திரும்பிவிடும். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். "எக்சர்சைஸைப் பத்திப் பேசும்போது எதுக்குய்யா வடையை இழுக்கிறே?"

சூரனை வதைத்த கோபம் தணிந்து முருகன் அமர்ந்த தலம் திருத்தணி. அதனால்தான் இங்கே சூரசம்ஹாரமே நடப்பதில்லை என்பார்கள். முருகன் இவரோடு வாக்கிங் போயிருக்க வாய்ப்பில்லை.

என் வயிற்றெரிச்சல் வேறு. எங்கள் தெருவில் ஒரு பெண், இரண்டு குழந்தை பெற்றவள், சாயங்காலம் வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். உடம்பும் இளைத்துக்கொண்டு வந்தது. இவர் வழிமறித்து, "வெறும் வயித்துல காலையில நடந்தாத்தாம்மா கொழுப்பு குறையும், சாயங்கால நடை சும்மா" என்று சொல்லிவிட்டார். காலையில் டிபன் கட்டுவாளா, நடப்பாளா? நடை நின்றுவிட்டது. வாரத்துக்கு 150 நிமிஷம் ஓரளவு வேகமாக நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. காலையில்தான் என்று அது நிபந்தனை போடவில்லை. தானும் ஒழுங்காக நடக்காமல், நடந்தவளையும் உட்காரவைத்த மனுஷனை என்ன செய்வது?

ஆனாலும் டிசம்பர் 31 ராத்திரி அவர் ஏறுவார். படித் திருவிழா. புத்தாண்டு அன்று வெள்ளைக்கார துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பானேன், பெரிய துரை மலைமேல் இருக்கிறாரே என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்தது. படிக்குப் படி மஞ்சள், குங்குமம், கற்பூரம், திருப்புகழ். நாலு படி ஏற வேண்டியது, நிற்க வேண்டியது. "இதான் தம்பி இன்டர்வல் டிரெய்னிங்" என்றார். எனக்கே அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது.

பாதி தூரத்தில் விரலை மணிக்கட்டில் வைத்தார். எங்களுக்கு முன்னால், நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிழவி, வெறுங்காலோடு, ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "ஏமி நாயனா, ஆயாசமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த படிக்குக் குனிந்தாள்.

"நூத்தி முப்பது" என்றார் இவர், அவளுக்கும் எனக்கும் பொதுவாக. "மண்டலம் தாண்டிடுச்சு. இதுக்கு மேல ஏறினா பிரயோஜனமில்ல. 118-க்கு இறங்கட்டும், வரேன். நீ போ."

தரிசனம் முடித்து நான் இறங்கி வந்தபோதும் அதே படியோரத்தில்தான் இருந்தார். யாரோ புண்ணியவான் சர்க்கரைப் பொங்கல் விநியோகித்திருக்கிறான். இரண்டாவது தொன்னையை வழித்துக்கொண்டே, "இன்னும் இறங்கலை தம்பி" என்றார்.