பணியில் இருக்கும் பழம்பொருட்கள்

ஆரணியில் அருங்காட்சியகம் வைப்பதில் ஒரே ஒரு சிக்கல். இங்கே எந்தப் பழைய பொருளுக்கும் ஓய்வு வயது கிடையாது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அகமதாபாத்தில் சுரேந்திர படேல், விஷாலா உணவகத்தை ஒட்டிப் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்தார். குடம், அண்டா, பாக்குவெட்டி என்று ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கிறார்கள். டெல்லியில் சுலப் நிறுவனம் 1992-இல் கழிப்பறைக்கே ஒன்று வைத்துவிட்டது. 1996-இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவில் பட்டு நெசவாளர் வீடே நிற்கிறது. யார் வீடு? காஞ்சிபுரத்துக்காரர் வீடு! நம்மூர்ச் சேலையே மணமேடை ஏறும்போது பல இடங்களில் 'காஞ்சிபுரம்' ஆகிவிடுகிறது. வீட்டையாவது நமக்கு விட்டிருக்கலாம்.

இந்த ரோஷத்தில் தெருக்காரர்கள் சிலர் திண்ணையில் கூடி, ஆரணிக்கும் ஒன்று வைப்பதென்று ஏகமனதாக முடிவெடுத்தோம். சாமான் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

முதலில் குழித்தறியைக் கேட்டேன்.

"பாவுல இன்னும் ரெண்டு சேலை இருக்குது. முதலாளி வெள்ளிக்கிழமை கேட்டிருக்காரு. நீ வந்து குழியில எறங்கி நெய்யறியா?"

அம்மிக்குழவி காற்றில் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. உலக்கையில் கொசுவலை தொங்கியது. படியால் களம்பூர் அரிசி அளந்துகொண்டிருந்தார்கள். ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் மிளகாய் வாசனையோடு இருந்தன.

சரி, தேய்ந்துபோன ஜக்கார்டு அட்டையாவது கிடைக்கும் என்று பார்த்தேன். சாதாரண அட்டையா அது! 1804-இல் பிரான்ஸின் லியோன் நகரத்து ஜக்கார்டு கண்ட உத்தி. அட்டையில் ஓட்டை இருந்தால் இழை மேலே எழும். இல்லாவிட்டால் படுத்தே கிடக்கும். சேலையில் மயிலும் மாங்காயும் விழுவது இப்படித்தான். இதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கும் ஓட்டை அட்டையைத் திட்டமிட்டார். கம்ப்யூட்டருக்கே முப்பாட்டன் என்று பெரியம்மாவிடம் விளக்கினேன்.

"கணக்குக்குத்தான் நானும் வெச்சிருக்கேன்" என்று ஒரு அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பூராவும் பால் கணக்கு. ஓட்டை வந்த இடத்தில் தேதி எழுத முடியாததால் அந்த நாளை அப்படியே தாண்டியிருந்தார். பால்காரருக்கு மயில் டிசைன் என்றாலே வயிற்றைக் கலக்குமாம்.

வெறுங்கையோடு கிளம்பிய என்னைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பரணில் ஏறச் சொன்னார். அங்கே ஒரு மிக்ஸி, வாங்கிய பெட்டியோடு.

"ரெண்டே வருஷம் ஓடிச்சு. இந்த வீட்டுல வேலைக்கு ஆவாத பழைய சாமான் இது ஒண்ணுதான். தாராளமா எடுத்துட்டுப் போடா."

ஆரணி அருங்காட்சியகத்தின் முதல் காட்சிப்பொருள் கிடைத்துவிட்டது என்று தோளில் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஜாரைத் தேடாத. அதுல கடுகு போட்டு வெச்சிருக்கேன்."