கூலியில்லா உத்தியோகம்: திருவொற்றியூருக்கு ஒரு வெளிநாட்டுக் கடிதம்

திருவொற்றியூர்த் தேரடியிலும், வடக்கே எண்ணூரிலும், தெற்கே இராயபுரத்திலும் உள்ள உற்றார், உறவினர், அண்டை அயலார் அனைவரின் பார்வைக்கும் நியூயார்க்கிலிருந்து எழுதப்படுவது.

வெளிநாட்டுக் கடிதம் எனப்படுவது, அயல்நாடு சென்றவர்கள் அங்குள்ள பனியையும் விலைவாசியையும் பற்றி ஊராருக்கு எழுதி, கடைசியில் மாவடு கேட்டு முடிக்கும் ஓர் இலக்கிய வகையாகும். பனியைப் பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டதால் இக்கடிதம் அதை விட்டுவிட்டு, அதிகம் கவனிக்கப்படாத ஒரு பிரிவினரை எடுத்துக்கொள்கிறது. வடசென்னையின் ஆலைகளிலும் துறைமுகத்திலும் பள்ளிகளிலும் உழைத்து ஓய்வுபெற்றபின், பிள்ளைகள் அழைத்தார்கள் என்று அமெரிக்கா வந்து, வந்த சில மாதங்களிலேயே மறுபடியும் வேலைக்குக் கிளம்பிவிடும் மூத்த தம்பதியரே அப்பிரிவினர். இம்முறை சம்பளம் கிடையாது என்பதால் இவர்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர்; அதாவது, ஒரு காசும் வாங்காமல், ஆனால் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மட்டும் தவறாமல் எழுதி வைத்துவிட்டு வேலை செய்பவர்கள்.

கடல் கடப்பது வடசென்னைக்குப் புதிதன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் ஆள் ஏற்றிச் சென்ற ரஜூலா கப்பலையும், அதற்குப் பின் வந்து 1985இல் தீப்பிடித்ததோடு ஓய்ந்துபோன சிதம்பரம் கப்பலையும் நினைவில் வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கையோடு கொண்டுவந்த அத்தோ, அதாவது பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் கலந்து கையால் பிசைந்து தரப்படும் நூடுல்ஸ், கடற்கரை ரயில் நிலையத்தின் பக்கத்தில் இன்றும் விற்பனையாகிறது. ஆனால் அவர்களெல்லாம் பிழைப்பதற்காகப் போனவர்கள்; இக்காலத் தம்பதியரோ பிழைத்து முடித்தபின் போகிறார்கள். 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கி டயர் ஆலையாக வளர்ந்த எம்.ஆர்.எஃப்., 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிப் பின்னர் அசோக் லேலண்ட் ஆன நிறுவனம், 1955 முதல் புல்லட் வண்டிகளைப் பூட்டிய என்ஃபீல்டு ஆகியவற்றில், ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் சங்குச் சத்தத்துக்கு எழுந்தும் படுத்தும் பழகிய உடம்புக்கு, சங்கே ஊதாத ஓர் ஊரில் காலையில் எதற்கு எழுவது என்பது சிறிய கேள்வியன்று.

திருவொற்றியூரைவிட்டுப் போவதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. இவ்வூரைப் பிரிய மாட்டேன் என்று கோயில் மகிழமரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்த சுந்தரர், திருவாரூர் வசந்த விழாவின் நினைவு வந்ததும் சத்தியத்தை மீறிக் கிளம்பி, ஊர் எல்லை தாண்டியதும் கண்பார்வை இழந்தார் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. ஆண்டுதோறும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக அச்சத்தியத்தை ஊரே நின்று பார்க்கிறது. சத்தியம் எதுவும் செய்யாமலே கிளம்புகிற இன்றைய தம்பதியருக்கும் கண் விஷயத்தில் விலக்கு இல்லை என்பது பின்னர் விளக்கப்படும்.

வந்திறங்கிய முதல் மாதம் கொண்டாட்டமாகக் கழிகிறது. இரண்டாம் மாதத்தில் கணவர் வீட்டில் ஒழுகும் குழாய்களையும் ஒழுகாத குழாய்களையும் பழுதுபார்த்து முடித்துவிடுகிறார். மனைவி, உறைந்துகிடக்கும் பொட்டலங்களையெல்லாம் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியேற்றிவிடுகிறார். மகனும் மருமகளும் வேலைக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், பகல் முழுவதும் தெருவில் மனிதர் நடமாட்டம் இல்லை. கீரை விற்பவர் இல்லை, கோலமாவு விற்பவர் இல்லை, எதிர்வீட்டோடு சண்டை போடலாம் என்றால் எதிர்வீடு கூப்பிடு தொலைவில் இல்லை. சுற்றுலா விசாவில் வருவோருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் வரையே தங்க அனுமதி. அதற்குள் கூலிக்கு வேலை பார்ப்பதும் சட்டப்படி கூடாது. இந்த வெற்றிடத்தில்தான் கோயில் வந்து சேர்கிறது.

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ஃபிளஷிங் என்ற இடத்தில், 1977இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயில் இவ்வகையில் முதன்மையானது. அதன் அடித்தளத்தில் நடக்கும் கேண்டீனின் தோசைக்குப் பக்தர் அல்லாதவர்களும் வரிசையில் நிற்பார்கள். அமெரிக்காவின் இந்துக் கோயில்களில் அர்ச்சகரும் சமையற்காரரும் ஊழியர்கள். காய் நறுக்குவது, பூத் தொடுப்பது, செருப்பு வைக்கும் அடுக்கை ஒழுங்குபடுத்துவது, விழா நாளில் கார்களை வரிசைப்படுத்துவது போன்றவற்றில் பெரும்பங்கு தன்னார்வலர் தலையில்தான் விழுகிறது. வேலைப் பங்கீடு விரைவில் முடிந்துவிடுகிறது. மனைவி அடுக்களைக்குச் சென்று, இருபது கிலோ பூசணிக்காயை யார் எந்த அளவில் துண்டு போடுவது என்பதில், மாயவரத்தாரும் மதுரையாரும் ஏற்கெனவே நடத்திவரும் வழக்கில் மூன்றாம் தரப்பாகச் சேர்கிறார். கணவருக்கு, இருட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை தைத்த மஞ்சள் அங்கியும், சிவப்பு விளக்குக் குச்சியும் தரப்பட்டு, கார் நிறுத்துமிடம் ஒப்படைக்கப்படுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வந்த ஒருவருக்கு, வைகுண்ட ஏகாதசி அன்று வரும் முந்நூறு கார்கள் ஒரு பொருட்டல்ல. அவற்றில் ஒன்றுகூட ஹாரன் அடிக்காததுதான் அவருக்குக் கலக்கம் தருகிறது.

பிள்ளைகள் குடியுரிமை பெற்றபின் பெற்றோருக்கு எடுத்துத் தரும் பச்சை அட்டை, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கைக்கு வந்ததும் தொண்டின் எல்லை கோயிலைத் தாண்டுகிறது. நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம்; வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் உயிரெழுத்து சொல்லித்தரலாம்; உணவு வங்கியில், அதாவது ஏழைகளுக்கு இலவசமாகத் தரப்படும் மளிகைப் பொருள்கள் சேர்ந்து கிடக்கும் கிடங்கில், தகர டப்பாக்களைக் காலாவதித் தேதிப்படி பிரிக்கலாம். மூன்றாவது வேலையில் பழைய ஸ்டோர்ஸ் ஊழியர்களின் கைவண்ணம் தனி. முதலில் வந்த சரக்கு முதலில் போகவேண்டும் என்ற ஆலைக் கிடங்கின் விதியை அவரைக்காயிலும் சோளத்திலும் அவர்கள் நிலைநாட்டிவிடுவதால், இளைய தன்னார்வலர்கள் அவர்களைக் கண்டதும் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

மருத்துவமனைத் தொண்டு மட்டும் எளிதில் வாய்ப்பதில்லை. நோயாளியின் சக்கர நாற்காலியைத் தள்ள முன்வருவோருக்குக் காசநோய் இல்லை என்று முதலில் உறுதி செய்யவேண்டும். அதற்கு முன்கையில் தோலுக்குள் ஒரு மருந்தை ஏற்றி, 48 மணிநேரத்துக்கு மேல் 72 மணிநேரத்துக்குள் அவ்விடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளந்துபார்ப்பது ஒரு முறை. பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்கும், கிருமி என்றோ உடலில் புகுந்து நோயாக மாறாமல் அடங்கிக் கிடப்பவர்களுக்கும்கூட இச்சோதனையில் கை தடிப்பதுண்டு. இந்தியாவில் பி.சி.ஜி. மருந்து தயாரிப்பு 1948இல் சென்னைக் கிண்டியில்தான் தொடங்கியது. ஆகவே கிண்டியின் கைங்கரியமாகவும் இருக்கக்கூடிய ஒரு தடிப்பை நியூயார்க்கில் ஒரு செவிலியர் அளவுகோல் வைத்துப் பார்த்து முகம் மாறுவதும், பின்னர் மார்புக்கு எக்ஸ்ரே எடுப்பதும், அதற்குள் ஊரில் இன்னாருக்கு டி.பி. என்று செய்தி பரவி, தொலைபேசியில் ஆட்டுக்கால் சூப்பு சிபாரிசாவதும் நடக்கின்றன. ஊரார் இதனால் அறியவேண்டியது, யாருக்கும் ஒன்றுமில்லை.

இங்கே ஒரு வரலாற்று முரணையும் குறிப்பிடவேண்டும். இந்தியாவின் முதல் முறைப்படியான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பெரம்பூர்ப் பக்கத்தில்தான் உருவானது. போனஸுக்கும் ஓ.டி.க்கும் வாயிற்கூட்டம் போட்ட அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள், கூலியே இல்லாத வேலைக்கு அரைமணி முன்னதாக வந்து நிற்கிறார்கள். காரணம் ஆராயத்தக்கது. ஊரில் இதே ஆட்கள் அன்னதானத்தில் பரிமாறினார்கள், கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தார்கள், சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். எவரும் அதைத் தொண்டு என்றதில்லை, போகாமல் இருந்தால் மட்டும் கேட்டார்கள். அமெரிக்காவிலோ அதே வேலைக்குப் பெயர் பொறித்த அட்டையும், ஆண்டிறுதியில் மணிக்கணக்கு குறித்த சான்றிதழும் தரப்படுகின்றன. அச்சான்றிதழ் சட்டகமிடப்பட்டு, பேரனின் நீச்சல் பதக்கத்துக்கு மேலே மாட்டப்படுகிறது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்க அதிபராகப் பின்னாளில் வந்த ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், 1966இல் தமது 68ஆம் வயதில், அமெரிக்க அரசு தன்னார்வலர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பும் அமைதிப் படையில் சேர்ந்து, பம்பாய்க்கு அருகே விக்ரோலியில் செவிலியாகத் தொண்டாற்றினார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1977இல் நூலாயின. அந்த அம்மையார் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சாக்கில் வரவில்லை, வேலைக்கென்றே வந்தார் என்ற வகையில் நம்மவர்களைவிட நேர்மையானவர்.

இனி ஊர்ப் பயணம். சுற்றுலா விசாவில் இருந்தவரை அமெரிக்காவில் நாள் எண்ணியவர்கள், பச்சை அட்டை வந்தபின் திருவொற்றியூரில் நாள் எண்ணுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் திரும்பும்போது அதிகாரி கேள்வி கேட்கலாம். முன் அனுமதியின்றி ஓராண்டைத் தாண்டினால் உரிமையே போய்விடலாம். பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து வருவதென்றால் பள்ளி விடுமுறையே கதி. நியூயார்க்கில் பள்ளி ஜூன் கடைசியில் மூடிச் செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கிறது. அடுத்த நீண்ட விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டியது. முதலாவதன் நடுவில் ஆடி உட்கார்ந்திருக்கிறது, இரண்டாவது மார்கழியில் விழுகிறது. முகூர்த்தமே இல்லாத இரண்டு மாதங்களைத் தேடிப்பிடித்து வருவதுபோல் இவர்கள் வருவதால், அமெரிக்கப் பேரப்பிள்ளைகள் தம் சித்தப்பா, அத்தைமார் கல்யாணங்களைக் காணொளியில் மட்டுமே கண்டிருக்கிறார்கள். ஆடியில் ஒரு வசதி உண்டு: மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14உடன் முடிந்துவிடுவதால் காசிமேட்டில் வஞ்சிரம் நிறைய வருகிறது. விடியற்காலை ஏலத்தில் கூடைக்கு மேல் நடக்கும் கூச்சலைக் கேட்ட பேத்தி, போலீஸை அழைக்கவேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்பது இயல்பு.

பெட்டிக் கணக்கு தனி நூலுக்கு உரியது. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்ற பொதுவிதிக்குள் சாம்பார்ப் பொடியும் வடகமும் ஐந்து உறை போட்ட கருவாடும் அடங்கவேண்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கு மட்டும் அமெரிக்காவுக்குள் அனுமதி இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்குமென்பதே காரணம். ஆகவே அன்பு மிகுந்து எவரும் கொத்தாகப் பறித்துப் பெட்டியின் மூலையில் செருகிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.

கண் விஷயம் இனி. பயணிகளுக்கான மருத்துவக் காப்பீடு பழைய நோய்களைப் பொதுவாக ஏற்பதில்லை. அமெரிக்காவில் கைக்காசு போட்டுக் கண்புரை அறுவை, அதாவது விழிக்குள் மங்கிப்போன வில்லையை நீக்கி ஒரு செயற்கை வில்லை வைப்பது, செய்துகொள்ள மகன் தயாராக இருந்தாலும் தந்தை தயாராக இல்லை. ஆகவே அது சென்னைப் பயணத்துக்கு ஒதுக்கப்படுகிறது. விடுமுறையின் சுருக்கத்தால் ஒரு பயணத்துக்கு ஒரு கண்தான். சுந்தரருக்கும் காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணுமாக இரண்டு தவணையில்தான் பார்வை திரும்பியது என்பதால், மருத்துவமுறை தொன்மையானதே.

விமான நிலையத்திலிருந்து ஒரே மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்துவிடலாம் என்ற வசதி 2021 பிப்ரவரியில் வந்துவிட்டது. வந்து இறங்கியபின் நடப்பதுதான் வருத்தத்துக்குரியது. வாசலில் நாற்காலி போடப்படுகிறது; கேன் தண்ணீர் வாங்கப்படுகிறது; வெயிலில் போகாதீர்கள் என்று தம்பி மனைவி குடை தருகிறார். அமெரிக்காவில் பூசணிக்காய் வெட்டியவர்கள் திருவொற்றியூரில் விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். அடுக்களைக்குள் போனால், அக்கா, நீங்க உட்காருங்க என்ற குரல் வருகிறது. உட்காருவதற்காக எவரும் இருபது மணிநேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்து வரவில்லை.

வரும் ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று இத்தம்பதியர் ஊரில் இருப்பார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்க இடமும், நீளமான காம்புள்ள கரண்டி ஒன்றும் ஒதுக்கிவைக்கவும். கேழ்வரகு முந்தின நாளே கரைத்தாகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம், முருங்கைக்கீரை ஆய்வதற்கு விடியற்காலை நாலரைக்கே வந்துவிடுவார்கள்.