இளைத்த போனும் பருத்த வீடும்

எங்கள் வீட்டில் இளைக்க வேண்டியவன் நான். டாக்டர் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லி அனுப்புகிறார். ஆனால் இளைத்து வந்து சேர்ந்தது என்னவோ என் போன்தான். காரைக்காலில் வாங்கிய புது ஆண்ட்ராய்டு போனை மேசைமேல் வைத்ததும் என் மனைவி அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்களால முடியாததைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்துட்டீங்களாக்கும்" என்றாள். வாசலில் கூடையை இறக்கியிருந்த மீன்காரக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வாளைக் கருவாடு மாதிரி இருக்கு" என்றார். இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். திருவேட்டக்குடியில் குடித்தனம் நடத்துகிறவனுக்கு இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒல்லி போனின் முதல் சுகம் சட்டைப் பையில். தொப்பைக்கு மேலே இன்னொரு மேடு எழும்பாது. எனக்கு இருக்கிற மேடே போதும். இரண்டாவது சுகம் படுக்கையில். மல்லாந்து படுத்துச் செய்தி படித்தபடியே தூங்கிப்போகும் குடும்பத் தலைவர்களின் மூக்குக்கு போனின் எடை நன்றாகத் தெரியும். 2025-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா 218 கிராம். அதே ஆண்டு மே மாதம் அறிமுகமான எஸ்25 எட்ஜ் 163 கிராம். நடுவில் உள்ள 55 கிராமும் மூக்குக்கு லாபம். மூன்றாவது சுகம் மணிக்கட்டுக்கு. என் அக்கா போன் செய்தால் லேசில் வைக்க மாட்டாள். இப்போதெல்லாம் கை வலிப்பதில்லை, காது மட்டும்தான்.

இந்த மெலிவு மோகம் இன்று நேற்று வந்ததல்ல. 2008-ல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்.டி.சி. ட்ரீம் 17.1 மில்லிமீட்டர் தடிமன். வயிற்றுக்குள் விசைப்பலகையையே வைத்திருந்ததால் யாரும் அதைக் குறை சொல்லவில்லை. ஆறே ஆண்டில் நிலைமை மாறிவிட்டது. 2014-ல் ஒப்போ ஆர்5 என்ற போன் 4.85 மில்லிமீட்டரில் வந்தது. ஹெட்போன் செருகும் துளைக்கு அதன் உடம்பில் இடமில்லை. அதே ஆண்டு விவோ எக்ஸ்5 மேக்ஸ், துளையையும் விடாமல், 4.75 மில்லிமீட்டரில் வந்து நின்றது. 2015-ல் நம் நாட்டு மைக்ரோமேக்ஸ் தன் பங்குக்கு கேன்வாஸ் ஸ்லிவர் 5 என்று ஒன்றை இறக்கியது: 5.1 மில்லிமீட்டர், வெறும் 97 கிராம். மூன்றுக்கும் பேட்டரி 2000 எம்.ஏ.எச். மதியச் சாப்பாட்டுக்குள் படுத்துவிடும் போனை எத்தனை நாள் தாங்குவது? கம்பெனிகள் விரதத்தை முறித்துக்கொண்டன, போன்கள் மறுபடி சதை போட்டன. இப்போது பத்து வருஷம் கழித்து மறுபடியும் விரதம். எஸ்25 எட்ஜின் 5.8 மில்லிமீட்டரைப் பார்த்து வாய் பிளக்கும் நாம், 4.75-ஐ எப்போதோ பார்த்து மறந்தவர்கள்.

போன் இளைக்கும்போது அதன் உடம்பில் குறைவது எது? பெரும்பாலும் பேட்டரிதான், போனின் வயிற்றில் அதிக இடம் பிடிப்பது அதுவே. எஸ்25 பிளஸுக்கும் எஸ்25 எட்ஜுக்கும் திரை ஒரே 6.7 அங்குலம். பிளஸின் தடிமன் 7.3 மில்லிமீட்டர், பேட்டரி 4900 எம்.ஏ.எச். எட்ஜ் 5.8 மில்லிமீட்டர், பேட்டரி 3900. ஒன்றரை மில்லிமீட்டர் இடுப்பு குறைய, ஆயிரம் எம்.ஏ.எச். காணிக்கை.

எங்கள் பக்கத்தில் மெலிவுக்குத் தனி மரியாதை உண்டு. தசையை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார், அந்த எலும்புடம்போடு தலையாலேயே நடந்து கயிலாயம் ஏறினார். என் போனும் தசையை உதறியதுதான். ஆனால் கோட்டுச்சேரி தாண்டிக் காரைக்கால் போய், கட்ட வேண்டியதைக் கட்டி, நாலு காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அதன் பேட்டரி சிவப்புக்கு வந்துவிடுகிறது. அம்மையாருக்குச் சார்ஜ் மேலிடத்திலிருந்து வந்தது. எனக்கு டீக்கடைக்காரர் மனது வைத்தால் உண்டு.

அடுத்த சங்கதி வளைவது. என் தங்கை மகன் எங்கள் ஊர் என்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படிக்கிறான். 2010-ல் தொடங்கிய அந்தக் கல்வி நிலையத்தின் பெயரில் புதுச்சேரி இருக்கிறது, வளாகம் திருவேட்டக்குடியில். மருமகன் போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு தகடு பாதி தடிமனா ஆச்சுன்னா, அதோட விறைப்பு பாதியா ஆகாது மாமா, எட்டுல ஒண்ணா ஆயிரும்" என்றான். அதனால்தான் எஸ்25 எட்ஜ் போன்ற உயர்விலை ஒல்லிகளுக்கு டைட்டானியத்தில் சட்டம் போடுகிறார்களாம். என் போன் அந்த ஜாதியில்லை. பையன் ஒரு கணம் என் இடுப்புச் சுற்றளவை அளந்தான். "பின்பாக்கெட்டுல மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்துராதீங்க" என்று மரியாதையாக முடித்துக்கொண்டான்.

வீட்டில் நான் கட்டுவது கைலி, பாக்கெட்டே கிடையாது. தடித்த போன் இடுப்பு மடிப்பில் உட்கார்ந்து கொள்ளும். ஒல்லியோ, பிடிமானமில்லாமல் நழுவித் தரைக்குப் போகும். பிடிக்கக் குனிந்தால் கைலி போகும். தெருவில் நின்று இரண்டில் எதைக் காப்பாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டிய நிலை எந்தக் குடும்பஸ்தனுக்கும் வரக்கூடாது.

கேமராவுக்கு வருவோம். கண்ணாடி வில்லைக்கும் அதன் பின்னாலுள்ள சென்சாருக்கும் நடுவே கொஞ்சம் தூரம் வேண்டும். அதை எந்தக் கம்பெனியாலும் பட்டினி போட முடியாது. ஆகவே உடம்பு இளைத்தாலும் முதுகில் ஒரு கூன். மேசையில் வைத்துத் தட்டினால் போன் தடதடவென்று ஆடுகிறது. தூரத்துப் பொருளைக் கிட்டே இழுக்கும் டெலிபோட்டோ வில்லைக்கு இன்னும் ஆழம் தேவை என்பதால் எஸ்25 எட்ஜிலேயே அது இல்லை. முதன்மைக் கேமரா 200 மெகாபிக்சல் என்று சமாதானம் சொல்கிறார்கள். மாசிமகத்தன்று திருமேனியழகர் கோயில் சுவாமி கடலாட எழுந்தருளும்போது கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவன் நான். தம்பி மகன் தன் தடித்த போனில் சுவாமியின் மாலையிலுள்ள பூவை எண்ணிக்கொண்டிருந்தான். என் படத்தில் சுவாமி ஒரு பொட்டு. முன்னால் நின்றவரின் வழுக்கை மட்டும் வெகு துல்லியம்.

கடலில் காலை நனைக்கப் போகும்போது ஐ.பி.68 என்ற தைரியமும் உதவாது. ஒன்றரை மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று எட்ஜுக்குச் சொல்லும் கணக்கு நன்னீருக்கானது. வங்கக் கடல் அந்தக் கணக்கில் வராது. வெயிலும் அப்படியே. சூட்டைப் பரப்பி ஆற்றிக்கொள்ள ஒல்லி உடம்பில் இடம் குறைவு. சித்திரை மத்தியானத்தில் வீடியோ எடுத்தால் திரையைத் தானே மங்கலாக்கிக்கொண்டு, வேகத்தையும் குறைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் என்பதால் இதைக் குறையாகச் சேர்க்க மனம் வரவில்லை.

இத்தனைக்கும் பரிகாரம் உண்டு, காசும் உண்டு. வளையாமலிருக்க முன்னும் பின்னும் கெட்டிக் கவர். கவர் போட்டதும் போன் பழைய போனின் தடிமனுக்கு வந்துவிட்டது. பேட்டரிக்குப் பவர் பேங்க். அது இரண்டு போன் கனம். பவர் பேங்குக்கு ஒயர், ஒயருக்குச் சார்ஜர், எல்லாவற்றுக்கும் ஒரு தோள்பை. பை மாட்டிக்கொண்டு கிளம்பினால், "எத்தனை நாள் பயணம்?" என்று எதிர்வீட்டில் கேட்கிறார்கள். தடிமன் என்பது ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. போன் விட்ட சதையைப் பையும் மேசை இழுப்பறையும் சுவரிலுள்ள பிளக் பாயிண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெரிய இடத்திலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு ஜாதி இல்லாவிட்டாலும், 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர், அதன் முதுகில் ஒட்டிக்கொள்ள ஒரு பேட்டரியை அந்தக் கம்பெனியே தனியாக விற்கிறது.

விடிவு இல்லாமலில்லை. பேட்டரியில் வழக்கமான கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கனையும் கார்பனையும் கலக்கிறார்கள். அதே இடத்தில் கூடுதல் லித்தியத்தைச் சிலிக்கன் பிடித்து வைக்கும். ஆனால் பிடிக்கப் பிடிக்க ஊதும். அதை அடக்கத்தான் கார்பன். இந்த வித்தையால் 2025-ல் வந்த மோட்டோரோலா எட்ஜ் 70, ஆறு மில்லிமீட்டருக்குள்ளேயே 4800 எம்.ஏ.எச். அடைத்துவிட்டது. நிறையச் சாப்பிட்டும் ஊதாமலிருக்கும் அந்தக் கலவை மனிதருக்கும் வந்தால் முதல் வரிசையில் நான் நிற்பேன்.

அதுவரை எங்கள் வீடு ஓடுவது என் மனைவியின் போனில். தடி போன், 6000 எம்.ஏ.எச்., அம்மிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். சிலிண்டர் பதிவு, பால் கணக்கு, ஐப்பசி மழையில் கரண்ட் போனால் டார்ச் எல்லாம் அதுதான். என் போன் அணைந்த பிறகு அக்காவும் அதில்தான் வருகிறாள்: "அவன் போன் போக மாட்டேங்குதே, பக்கத்துல இருக்கானா?"

ஆகவே ஒல்லி போன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. தடித்த போனும் தளராத பொறுமையும் உள்ள துணை வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இந்தத் துணைக்கருவியைக் கம்பெனிக்காரர்கள் பெட்டியில் வைத்துத் தரமாட்டார்கள். சார்ஜரையே தராதவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.